குனிந்து எடுத்த கத்தி

என் வலது கை கத்திப் பிடியில் இருந்தது. கத்தியின் அலகு மேல் செல்வமணியின் கால் இருந்தது.

நான் குனிந்திருந்தேன். என் தலை அவளுடைய முழங்கால் உயரத்தில். கண்ணுக்கு நேரே அவளுடைய வெறுங்கால், லீக்ஸ் தோலும் மண்ணும் அப்பிய ஈரக் கால். பெருவிரல் நகம் கறுத்துப் போயிருந்தது. எத்தனையோ முகங்களை மறந்துவிட்டேன், அந்த நகத்தை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

எனக்குப் பின்னால் ஐந்து பெண்கள். ஐந்து பேர் கையிலும் கத்தி. காய்கறி வெட்டும் கொட்டகையின் தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது. பின்னேரம் நாலு மணி இருக்கும்.

"குடுத்துட்டேன்னு சொன்னீங்களே மிஸ்," என்றாள் செல்வமணி.

சத்தம் போடவில்லை. கறிக்கு உப்புப் போட்டாச்சா என்று கேட்பது மாதிரிதான் கேட்டாள்.

கத்தியை இழுத்தால் அவள் கால் அறுபடும், அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. விட்டுவிட்டு நிமிர்ந்தால் கத்தி அவளுடையது. விசில் கம்பளி ஜெர்சிக்குள் கிடந்தது. அதை எடுக்க இரண்டு பொத்தான் கழற்ற வேண்டும்.

கத்தி கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கட்டும். நான் அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்கிறேன்.

மகள் ஜெயிலில் இருக்கிறாள்

நான் பெண்கள் பிரிவில் காவலராக இருந்த சிறையின் பெயரை இந்தத் தொடரில் எழுதுவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். ஊவா மாகாணத்தில் ஒரு சிறை, பதுளை டவுனில் நான் வாடகைக்கு இருந்த அறையிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். அவ்வளவு போதும்.

பிறந்து வளர்ந்தது பூனாகலை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து யூனிஃபோர்ம் போட்ட வேலைக்குப் போன முதல் பெண் நான்தான் என்று சேர்ச்சில் ஃபாதர்கூடச் சொன்னார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "எம் மக ஜெயில்ல இருக்கா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். பக்கத்துத் தோட்டத்து மாமி ஒருவர் இரண்டு பக்கெட் பிஸ்கட்டோடு துக்கம் விசாரிக்க வந்து, அம்மாவின் கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போனார். அன்று நான் அம்மாவோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அந்தக் காலத்தில் இருந்தது என்று எழுதத்தான் ஆசை, ஆனால் வீட்டில் இருப்பவர்களும் இதைப் படிக்கிறார்கள்.

வெலிமடையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார், சிறைக்குள் அடிதடி நடக்குமா, உங்களை யாராவது தாக்கியிருக்கிறார்களா என்று. அடிதடி குறைவு அம்மா. பயம்தான் தினமும். காலையில் பெரிய கேட்டின் சின்னக் கதவுக்குள் தலையைக் குனிந்து நுழையும்போது அது தோளில் வந்து உட்காரும், மாலையில் வெளியே வந்து ஒரு பிளேன்டீ குடித்த பிறகுதான் இறங்கும்.

பயிற்சியில் சொல்லித் தந்தது கொஞ்சம்தான். காதில் தொங்கட்டான் போடாதே, பிடித்து இழுப்பார்கள். திறந்த கதவுக்கு முதுகு காட்டாதே. கைதி தருவதைச் சாப்பிடாதே. வீடு எங்கே, பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் என்று வாய் திறக்காதே. கடைசியாக ஒன்று: கைதிக்கு எதையும் செய்து தருகிறேன் என்று சொல்லாதே, சொன்னால் அன்றைக்கே செய்துவிடு. முதல் நாலையும் நான் பூசை மந்திரம் மாதிரிக் கடைப்பிடித்தேன்.

எந்தத் தோட்டம்?

பெண்கள் பிரிவில் தமிழ் பேசத் தெரிந்த காவலர் நான் ஒருத்திதான். தமிழ்ப் பெண் யாராவது உள்ளே வந்தால், அழுகை ஓய்ந்ததும் முதல் கேள்வி, "மிஸ் எந்தத் தோட்டம்?" என்பதுதான். இது எங்கள் ஆட்களின் வியாதி. தோட்டம் தெரிந்தால் டிவிசன், டிவிசன் தெரிந்தால் லயம், லயம் தெரிந்தால் அடுத்த நிமிடம் சொந்தம் கொண்டாடிவிடுவார்கள். இரண்டு வாரத்தில் நான் அவளுக்குச் சித்தி முறை ஆகிவிடுவேன். ஆகவே கொழும்பு என்று சொல்லிப் பார்த்தேன். "கொழும்புல யாரு மிஸ் இப்படிப் பேசுவா" என்று வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

செல்வமணி அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. அதனாலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

ஹாலிஎலப் பக்கம் ஒரு தோட்டம் அவளுடையது. முப்பத்தைந்து வயது இருக்கும். புல் வெட்டும் கத்தியால் புருஷனை வெட்டிவிட்டாள் என்று வழக்கு, தீர்ப்பு வரும்வரை விளக்கமறியலில் இருந்தாள். அவன் ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டான். ஏன் வெட்டினாள் என்று நான் கேட்டதில்லை, கேட்கவும் கூடாது. குடித்துவிட்டு வந்து மகளை அடிக்க ஓங்கிய கையைத்தான் வெட்டினாள் என்று பிறகு காதில் விழுந்தது.

வெட்டு வழக்கில் வந்தவள் கையில் கத்தியா என்று நீங்கள் கேட்பீர்கள். சிறையிலும் மூன்று வேளை சமைக்க வேண்டும். வெலிமடையிலிருந்து லொறியில் லீக்ஸும் கரட்டும் கோவாவுமாகக் காய்கறி மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அதை வெட்டக் கொட்டகையில் ஆறு பெண்கள், ஆறு கத்தி. ஒவ்வொரு பிடியிலும் சிவப்புப் பெயின்டில் இலக்கம். செல்வமணி தானாகக் கேட்டு அந்த வேலைக்கு வந்தாள். லீக்ஸை அவள் மாதிரி ஒரே அளவாக வெட்ட அங்கே வேறு ஆள் இல்லை.

கையோடு கை கொடுக்காத பொருள்

வேலை முடிந்ததும் கத்தியை வாங்குவதற்கு ஒரு முறை உண்டு. இரண்டு காவலர்கள் நிற்க வேண்டும். கைதி ஒருவர் ஒருவராக வந்து மேசையில் கத்தியை வைத்துவிட்டு, மூன்று அடி பின்னால் போய்க் கையைப் பின்னால் கட்டி நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் காவலர் கத்தியைத் தொடலாம்.

எங்கள் வீடுகளில் கத்தியைக் கையோடு கை கொடுக்க மாட்டார்கள். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை மூளும் என்று பேச்சு. என் அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மனிதர். மலையில் யாராவது கத்தி கேட்டால் தரையில் வைப்பார், கேட்டவர் குனிந்து எடுத்துக்கொள்வார். தேயிலைச் செடிக்கு நடுவில் அத்தனை பேரும் அப்படித்தான். சிறு வயதிலிருந்து பார்த்துப் பார்த்து எனக்கும் அது மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது.

கொட்டகையில் பெண்கள் தரையில் பலகை போட்டு உட்கார்ந்துதான் வெட்டுவார்கள். தமிழ்ப் பெண் ஒருத்தி முதல் நாள் எழுந்து வந்து கத்தியை என் காலடியில் வைத்தாள். மேசை இரண்டு எட்டுத் தள்ளி இருந்தது. நான் ஒரு யோசனையும் இல்லாமல் குனிந்து எடுத்தேன். அவள் மூன்று அடி போனாளா என்றுகூடப் பார்க்கவில்லை. மறுநாளும் அப்படியே. பிறகு அதுவே எங்களுக்குள் வழக்கமாகிவிட்டது.

என்னோடு டியூட்டி பார்த்த குசும் அக்கா இதைக் கவனித்துவிட்டார். என்னைவிடப் பத்து வருடம் மூத்தவர், வாய் கொஞ்சம் நீளம், மனது தங்கம். ஒவ்வொரு கத்தியையும் விழுந்து கும்பிட்டுத்தான் எடுப்பாயா என்று சிங்களத்தில் கிண்டல் செய்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, உன் பிடரி அவர்களுக்கு நேரே இருக்கிறது மேரி, மேசையில் வைக்கச் சொல் என்றார். சரி அக்கா என்றேன். சரி என்று சொன்னதோடு சரி.

ஜெர்சிப் பை

ஒரு பார்வையாளர் நாளில் செல்வமணியின் தங்கை வந்துவிட்டுப் போனாள். அன்று மாலை செல்வமணி கம்பிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவளாக வந்து பேசியது அதுதான் முதல் தடவை.

"மிஸ், அவரு ஆஸ்பத்திரியிலேருந்து வந்துட்டாரு. புள்ள அவரோட தனியா இருக்கா. ஸ்கூலுக்கும் அனுப்புறது இல்லையாம். யாருக்காச்சும் சொல்லி அவள அங்கேருந்து எடுத்துருங்க மிஸ்."

மகள் பெயர் தர்ஷினி. பதின்மூன்று வயது. தங்கை கூட்டிக்கொண்டு போகப் போயிருக்கிறாள், அவன் அடித்து விரட்டியிருக்கிறான். சிறையில் நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் இருந்தார், கைதிகளின் குடும்ப விஷயங்களை அவர்தான் பார்ப்பார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் பிரதேச செயலகத்திலிருந்து ஆள் போகும். நான் அப்போதே ஒரு தாளை எடுத்து, அவள் சொல்லச் சொல்ல மனு எழுதினேன். தேதி போட்டேன். அவள் கையெழுத்து வைத்தாள். நாளைக்கே ஐயாவிடம் கொடுக்கிறேன் என்று சொல்லி, மடித்து ஜெர்சிப் பையில் வைத்தேன்.

மறுநாள் எனக்கு லீவு என்பது அதைச் சொல்லும்போது நினைவுக்கு வரவில்லை. பூனாகலையில் சேர்ச் திருநாள், மூன்று நாள் வீட்டில். போகிற வழியில் மழையில் நனைந்த ஜெர்சியைக் கொடியில் போட்டுவிட்டு, திரும்பி வரும்போது வேறு ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வந்தேன். மனு என்ற ஒன்று என் நினைவிலேயே இல்லை.

உள்ளே நுழைந்ததும் செல்வமணி கேட்டாள், கடுதாசி குடுத்தாச்சா என்று. பக்கத்தில் நாலைந்து பெண்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு முகம் சுருங்கிப்போனது. மறந்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"குடுத்துட்டேன்," என்றேன்.

இதை எழுதும்போதும் காது சூடாகிறது. அடுத்த லீவில் எடுத்து வந்து சத்தம் இல்லாமல் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். பிறகு இன்னொன்றும் நினைத்தேன்: தாளில் பழைய தேதி இருக்கிறது, இத்தனை நாள் எங்கே இருந்தது என்று ஐயா கேட்டால் என்ன சொல்வது? ஒரு பொய்க்குக் காவல் நிற்க நாலு பொய் தேவைப்பட்டது. அவள் இன்னும் இரண்டு தடவை கேட்டாள். நடக்குது, நடக்குது என்றேன். இப்படியே மனு எழுதிப் பதினோரு நாள் ஆகிவிட்டது.

பதினோராம் நாள் காலையில் நலன்புரி ஐயா பெண்கள் பிரிவுக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. செல்வமணி, கொட்டகையில் கூட வெட்டும், கொஞ்சம் தமிழ் தெரிந்த சோமா என்ற சிங்களக் கைதியைக் கூட்டிக்கொண்டு போய் அவரிடம் கேட்டிருக்கிறாள். அப்படி ஒரு மனு தனக்கு வரவே இல்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். நான் அந்த நேரம் வேறு பக்கம் டியூட்டியில் இருந்தேன். எனக்கு இது எதுவும் தெரியாது.

அன்று மாலை நல்ல மழை. லொறி பிந்தி வந்தது. மூட்டைகளைப் பார்த்து இறக்கக் குசும் அக்கா கேட்டுக்குப் போனார். தான் வரும்வரை கத்தி வாங்காதே என்று சொல்லிவிட்டுத்தான் போனார். என் பஸ் நாலரைக்கு. அதை விட்டால் அடுத்தது ஆறு மணிக்கு மேல். நான் தனியாகவே வாங்க ஆரம்பித்தேன். முதலில் எழுந்து வந்தவள் செல்வமணி. காலடியில் கத்தியை வைத்தாள். நான் குனிந்தேன்.

தகரத்தில் மழை

"குடுத்துட்டேன்னு சொன்னீங்களே மிஸ்."

பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கொடுத்தேன், ஐயாதான் எங்கேயோ வைத்து மறந்திருப்பார் என்று சொல்ல ஒரு நொடி போதும். அவள் குதிகாலை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். பிடி என் விரல்களோடு தரையில் ஒட்டிக்கொண்டது. பின்னால் யாரோ எழுந்தார்கள், பலகை தரையில் உரசும் சத்தம் கேட்டது. இந்தப் பொய்யையும் இவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது.

"குடுக்கல," என்றேன். "பொய் சொன்னேன்."

"இப்ப எங்க இருக்கு?"

"எங்க வீட்ல. இன்னொரு ஜெர்சியில."



"உங்க ஜெர்சி உங்க வீட்ல பத்திரமா இருக்கு மிஸ். எம் புள்ள எங்க இருக்கா?"

கண்ணை மூடிக்கொண்டேன் என்று நினைக்கிறேன். அப்போது மேசையில் டக் என்று ஒரு சத்தம். சோமா தன் கத்தியை வைத்திருக்கிறாள். அவளுடைய காலடி பின்னால் போவது கேட்டது. இன்னொரு டக். பிறகு இன்னொன்று. நான் காதால் எண்ணிக்கொண்டே இருந்தேன். ஐந்தும் வந்துவிட்டன.

செல்வமணி காலைத் தூக்கினாள். அலகு பட்டுச் சின்ன விரலுக்குக் கீழே இரத்தம் கசிந்திருந்தது. மூன்று அடி பின்னால் போனாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

நான் மேசையைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்தேன். குசும் அக்கா குடையை உதறிக்கொண்டே வந்து, எல்லாம் சரியா என்று கேட்டார். ஆறு என்றேன். பூட்டினோம்.

பழைய தேதி

சாவி அறையில் வைத்துக் குசும் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் முதலில் என் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார், காயம் ஏதும் உண்டா என்று. பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: யாரிடமும் மூச்சு விடாதே, இன்றைய தேதி போட்டு ஒரு புது மனு எழுது, அவளிடம் நான் கையெழுத்து வாங்கித் தருகிறேன், ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. என் மேல் உள்ள அன்பில்தான் சொன்னார். நானும் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். மழைக்கோட்டின் பொத்தான்களைப் போட்டு முடிக்கும் வரை யோசித்தேன்.

நேரே நலன்புரி ஐயாவின் அறைக்குப் போனேன், அவர் கையில் பையோடு கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். பதினோரு நாள், ஜெர்சி, பொய், எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கதவைத் திரும்பத் திறந்து, விளக்கைப் போட்டு, தொலைபேசியை எடுத்தார். சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர் ஒருவர் பொலிஸோடு அன்று மாலையே அந்தத் தோட்டத்துக்குப் போனார்.

பிள்ளை அங்கே இல்லை. கொழும்பில் வீட்டு வேலைக்கென்று தகப்பன் ஒரு தரகரோடு அனுப்பிவிட்டிருந்தான். எந்த வீடு என்று அவனுக்கே தெரியவில்லை.

படிப்பவர்கள் தவிக்க வேண்டாம், இப்போதே சொல்லிவிடுகிறேன். தர்ஷினியைக் கண்டுபிடித்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வெலிமடையில் சித்தி வீட்டில் கொண்டுவந்து சேர்த்தார்கள். என்ன நிலையில் வந்து சேர்ந்தாள் என்பது அவளுடைய விஷயம், அதை எழுத எனக்கு உரிமை இல்லை.

பெண்கள் பிரிவுக்குப் பொறுப்பான மேட்ரன் என்னை விசாரித்தார். தனியாகக் கத்தி வாங்கியதையும் குனிந்ததையும் சொன்னேன். கால் வைத்ததற்கு நான்தான் காரணம் என்றேன். யார் காரணமானாலும் கால் வைத்தது வைத்ததுதான் என்று சொல்லி, செல்வமணியைக் கொட்டகை வேலையிலிருந்து நிறுத்தினார். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். நாலரை என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் கத்தி டியூட்டி பார்க்கவில்லை.

இதெல்லாம் பிறகு நடந்தது. அதற்கு முன்னால், மறுநாள் காலையில், செல்வமணியிடம் யாராவது விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. அங்கே தமிழில் சொல்லக்கூடிய காவலர் நான் மட்டும்தான்.

நலன்புரி ஐயா தன் தாளைப் பார்த்து எனக்கு விவரம் சொன்னார். மனு எழுதி நாலாம் நாள் காலையில் பிள்ளையை வேனில் ஏற்றியதை லயத்தில் பலர் பார்த்திருக்கிறார்கள். நான் திருநாள் முடிந்து திரும்பி வந்து, குடுத்துட்டேன் என்று சொன்ன அதே நாள். லீவுக்கு முன்னால் அந்தத் தாளைக் கொடுத்திருந்தால் மூன்று நாள் இருந்திருக்கிறது.

நடையில் குசும் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். எப்போது அனுப்பினான் என்று அவள் கேட்டால், மனு எழுதுவதற்கு முன்னாலேயே அனுப்பிவிட்டான் என்று சொல். பிள்ளை எப்படியும் போய்விட்டாள், நாளைக்கும் நீ இவளோடுதான் இந்த நாலு சுவருக்குள் நிற்க வேண்டும், உன் கழுத்தைப் பார் மேரி என்றார். என்னைக் காப்பாற்ற வேறு யாரும் அத்தனை பாடுபட்டதில்லை.

செல்வமணி கம்பிக்கு உள்ளே வந்து நின்றாள். காலில் பழைய துணிக் கிழிசல் கட்டியிருந்தாள். நான் மூன்று அடி தள்ளித்தான் நின்றேன். பிள்ளை வீட்டில் இல்லை என்றேன். கொழும்புக்கு அனுப்பியிருக்கிறான், தேடுகிறார்கள், பொலிஸிலும் சொல்லியாகிவிட்டது என்றேன். அவள் அழவில்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்ப அனுப்புனாரு மிஸ்?"

அந்த நேரத்தில் அதை அவள் தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை. நான் என்ன சொன்னாலும் அதுதான்.

"கடுதாசி எழுதி நாலாம் நாளு," என்றேன்.

அவள் ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்தாள். கட்டை விரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். நாலில் நின்றாள். பிறகு தொடர்ந்து பதினொன்று வரைக்கும் போனாள். எண்ணி முடித்துவிட்டு என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

சிறைக்குள் வந்தவர்கள் எல்லாரும் பத்துப் பன்னிரண்டு சிங்களச் சொற்களைப் பிடித்துக்கொள்வார்கள். சாப்பாடு, தண்ணீர், போகலாமா, வரலாமா, அவ்வளவுதான். செல்வமணி அந்தச் சொற்களை வைத்து, தட்டுத் தடுமாறி, நான் போகலாமா மிஸ் என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டாள்.

போ என்றேன்.

அவள் இன்னும் எட்டு மாதம் அங்கே இருந்தாள். என்னிடம் அதற்குப் பிறகு ஒரு வார்த்தைகூடத் தமிழில் பேசவில்லை.